அதிபரின் ஒரு கிழமை: வாயிலில் நின்று நான் பதில் சொல்லும் கேள்விகள்

இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியவர் ஒரு பாட்டி. பேத்தியின் கையைப் பிடித்தபடி பாடசாலை வாயிலில் நின்று, "உங்களுக்கு இடைவேளைக்குப் பிறகு வேலை இல்லைத்தானே மகள், அப்போது வந்து பேசுகிறேன்" என்றார். அதே நாளில் ஒரு தந்தையும், புதிதாக நியமனம் பெற்ற ஓர் ஆசிரியையும், என் சொந்தச் சித்தியும் வேறு வேறு சொற்களில் அதையே கேட்டார்கள். அன்றிரவே கேள்விகளை ஒரு கொப்பியில் குறிக்கத் தொடங்கினேன்.

கொழும்பு வடக்கில், தரம் 1 முதல் 5 வரை மட்டும் உள்ள ஒரு சிறிய தமிழ் மொழிமூலப் பாடசாலையின் அதிபர் நான். கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி, கிராண்ட்பாஸ் பக்கங்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். துறைமுகத்திலும் புறக்கோட்டைக் கடைகளிலும் வேலை செய்பவர்களின் பிள்ளைகளே அதிகம். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சு குலையாமல் எழுதியிருக்கிறேன்.

"அதிபர் என்றால் அலுவலகத்தில் இருப்பவர்தானே மிஸ்? வகுப்பும் இல்லை. அப்படி என்ன வேலை?"

வகுப்பு இருக்கிறது. கிழமைக்கு நான்கு பாடவேளை தரம் 4க்குக் கணிதம் எடுக்கிறேன். அந்த நான்கையும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. கரும்பலகை முன்னால் நிற்காத அதிபருக்கு ஆசிரியரின் களைப்பு இரண்டே ஆண்டில் மறந்துபோகும்.

ஆனால் என் முதல் வேலை வேறு. காலை ஏழரைக்கு மணி அடிக்கும்போது ஆசிரியர் இல்லாத வகுப்பறை ஒன்றுகூட இருக்கக் கூடாது. வராத பிள்ளை ஏன் வரவில்லை என்பது அன்றைக்குள் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். கிழமையின் ஐந்து நாளும் இந்த இரண்டைச் சுற்றியே ஓடுகின்றன. கோப்பு, கூட்டம், கையெழுத்து எல்லாம் அவற்றுக்கு இடையில் கிடைக்கும் நேரத்தில்தான்.

"எத்தனை மணிக்கு வருகிறீர்கள், எத்தனை மணிக்குப் போகிறீர்கள்?"

ஆறே முக்காலுக்கு வருகிறேன். வந்தவுடன் பார்ப்பது அலுவலகத்தை அல்ல, கழிப்பறைகளை. தண்ணீர் வருகிறதா, தரை வழுக்குகிறதா என்று பார்ப்பேன். தரம் 1 பிள்ளை கழிப்பறை அழுக்காக இருக்கிறது என்று யாரிடமும் சொல்லாது. பேசாமல் அடக்கிக்கொண்டு வீடு போய்ச் சேரும். பிறகு காய்ச்சல் வந்து மூன்று நாள் வராது. அந்த மூன்று நாளுக்கும் பொறுப்பு என்னுடையதுதான்.

ஏழு மணி முதல் வாயிலில் நிற்பேன். ஏழரைக்கு ஆசிரியர் வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு இடுவேன்; அதற்குக் கீழே கையெழுத்திடுபவர் பிந்தி வந்தவர். பாடசாலை ஒன்றரைக்கு விடும். சிறிய வகுப்புகள் அதற்கு முன்பே போய்விடும். நான் கிளம்ப மூன்று, மூன்றரை ஆகும். பிள்ளைகள் போன பிறகுதான் எழுத்து வேலை நகரும்.

"வாயிலில் நின்று என்ன பார்க்கிறீர்கள்? வணக்கம் வாங்கவா?"

நாற்பது நிமிடக் கூட்டத்தில் கிடைக்காத செய்தி அந்த அரை மணி நேரத்தில் கிடைக்கும். வழக்கமாக அம்மாவோடு வரும் பிள்ளை இன்று பெரியம்மாவோடு வந்தால், வீட்டில் யாரோ ஆஸ்பத்திரியில் இருக்கலாம். சப்பாத்துக்குள் காலுறை இல்லை என்றால், காலையில் யாரும் எழுப்பவில்லை. பாடசாலை வான் வண்டியிலிருந்து இறங்கியவுடன் மதிலோரம் குந்திய பிள்ளை சாப்பிடாமல் வந்திருக்கிறது. பாடசாலை வான்கள் ஆறு மணிக்கே சுற்றத் தொடங்குவதால் சில பிள்ளைகள் ஒன்றரை மணி நேரம் வெறும் வயிற்றோடு வானில் இருக்கிறார்கள்.

பார்த்ததை அங்கேயே வைத்து விசாரிக்க மாட்டேன். வகுப்பாசிரியரிடம் ஒரு வரி சொல்வேன், அவ்வளவுதான். மற்றப் பிள்ளைகள் முன்னால் "ஏன் காலுறை போடவில்லை?" என்று கேட்டால், நாளை அந்தப் பிள்ளை வராது.

"திங்கட்கிழமை வந்தால் ஏன் காத்திருக்க வைக்கிறீர்கள்?"

திங்கட்கிழமைதான் அதிகம் பேர் வராத நாள். பிள்ளைகளும் அப்படித்தான், ஆசிரியர்களும் அப்படித்தான். அன்று காலைக்கூட்டமும் இருக்கும்: தேவாரம், மற்றச் சமயப் பிள்ளைகளின் பிரார்த்தனை, தேசிய கீதம், ஒரு பிள்ளையின் இரண்டு நிமிடப் பேச்சு. அது முடிந்து வகுப்புகளை ஒழுங்குபடுத்தும்போது ஒன்பதாகிவிடும். அவசரம் இல்லாத விடயம் என்றால் செவ்வாய் அல்லது வியாழன் ஒன்பது முதல் பதினொன்று வரை வாருங்கள். புதன்கிழமைகளில் பெரும்பாலும் வலயக் கல்வி அலுவலகக் கூட்டத்துக்கோ வேறு அலுவலகத்துக்கோ போக நேரிடும்.

"ஓர் ஆசிரியர் வராவிட்டால் என்ன? இன்னொருவரை அனுப்புங்கள்"

மேல் வகுப்புகளில் கணித ஆசிரியர் வராவிட்டால் ஒரு பாடவேளைதான் வெறுமையாகும். ஆரம்பப் பிரிவில் ஒரே ஆசிரியர்தான் காலை முதல் மணி அடிக்கும்வரை அந்த வகுப்போடு இருக்கிறார். அவர் வராவிட்டால் 34 பிள்ளைகளின் நாள் முழுவதும் வெறுமையாகிறது. இந்த வேறுபாடு வெளியில் பலருக்குத் தெரிவதில்லை.

முதலில் உதவி அதிபர் போவார். அவர் இன்னொரு வகுப்பில் நின்றால் நான் போவேன். இருவருக்கும் முடியாவிட்டால் ஆங்கில ஆசிரியையும் சிங்கள ஆசிரியையும் தங்கள் நேரசூசியை மாற்றிக்கொள்வார்கள். அதுவும் கைகொடுக்காத நாளில் பிள்ளைகளை நான்கு நான்காகப் பிரித்து மற்ற வகுப்புகளில் உட்கார வைப்போம். தரம் 2 பிள்ளைகளைத் தரம் 5க்கு அனுப்புவதில்லை. அங்கே வாய் திறக்க மாட்டார்கள். இரண்டு வகுப்பை ஒன்றாகச் சேர்ப்பதைவிட இது நல்லது. எழுபது பிள்ளைகள் உள்ள அறையில் ஆசிரியர் காவல்தான் காக்க முடியும்.

இளம் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: வர முடியாவிட்டால் காலை ஆறரைக்கு முன் சொல்லுங்கள். காரணம்கூடப் பிறகு சொல்லலாம். ஏழு இருபதுக்கு வரும் செய்தியை வைத்து நான் எதையும் ஒழுங்குசெய்ய முடியாது.

"ஒரு நாள்தானே வரவில்லை! அதற்கு ஏன் வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கிறீர்கள்?"

இந்தக் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் தரம் 3இல் ஒரு சிறுமி இருந்தாள். நன்றாக வாசிப்பாள். ஒரு தவணை முடிவில் வரவு இடாப்பைப் புரட்டியபோது, அவள் பெயருக்கு நேரே வராத நாட்கள் ஒரே நிரலில் நின்றன. எல்லாம் திங்கட்கிழமைகள். வகுப்பாசிரியை மூன்று முறை கேட்டிருந்தார். "வயிற்றுவலி" என்று மூன்று முறையும் பதில் வந்திருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை அவள் வாயிலுக்குள் நுழைந்தபோது தோளில் கை வைத்தேன். சட்டையின் கழுத்துப்பட்டி ஈரமாக இருந்தது. இடுப்புப் பக்கத்து மடிப்புகளும் ஈரம்.

அவளிடம் இருந்தது ஒரே ஒரு வெள்ளைச் சட்டை. அரசு 1993 முதல் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி தருகிறது. அந்தத் துணியில் தைத்த சட்டை அது. அம்மா கிழமை முழுவதும் வேலைக்குப் போகிறார், ஞாயிற்றுக்கிழமைதான் துவைக்கிறார். வீடு, தோட்டம் என்று நாங்கள் சொல்லும் நெருக்கமான குடியிருப்புக்குள் ஒற்றை அறை. கொடி கட்ட இடம் இல்லை, வெயில் எட்டிப் பார்க்காது. மழைக்காலத்தில் சட்டை காய இரண்டு நாளாகும். வகுப்பில் ஈர நாற்றம் அடிக்கிறது என்று யாரோ ஒரு பிள்ளை சொல்லியிருக்கிறது. அதன் பிறகு திங்கட்கிழமைகளில் அவளுக்கு வயிற்றுவலி.

தரம் 5 முடித்துப் போகும் பிள்ளைகளின் சட்டைகளை வாங்கித் துவைத்து, அலுவலக அலுமாரியில் அளவுவாரியாக அடுக்கும் வழக்கம் அப்படித்தான் எங்களிடம் தொடங்கியது. யார் எடுத்தார்கள் என்று பெயர் எழுதுவதில்லை. உங்கள் பிள்ளைக்கு வேண்டுமென்றால் வகுப்பாசிரியையிடம் அளவை மட்டும் சொல்லுங்கள். பையில் வைத்து அனுப்புவோம்.

நம் நாட்டில் 5 முதல் 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம். அந்தச் சட்டத்தை நினைவூட்ட அல்ல நாங்கள் அழைப்பது. இடாப்பில் விழும் ஒவ்வொரு வெற்றிடத்துக்கும் பின்னால் ஒரு கழுத்துப்பட்டி இருக்கக்கூடும் என்பதால் அழைக்கிறோம்.

"சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் என்னைப் பற்றி எழுதினீர்களாமே?"

பாடசாலையில் நடக்கும் முக்கியமானவற்றை அதிபர் பதியும் புத்தகம் அது. மேற்பார்வைக்கு வந்தவர், விழுந்து காயப்பட்ட பிள்ளை, உடைந்த கதவு, முன்னதாக விட்ட நாள் என்று நடந்ததை நடந்தபடி எழுதுவேன். "இன்னார் கெட்டவர்" என்று எழுத அதில் இடமில்லை. ஒருவர் வந்து சத்தம் போட்டால், எத்தனை மணிக்கு வந்தார், எதைக் கேட்டார், என்ன பதில் சொன்னேன் என்பது மட்டும் இருக்கும்.

"காலைச் சாப்பாட்டைப் பிள்ளை கொண்டுவர வேண்டுமா, பாடசாலையில் தருகிறீர்களா?"

உணவுத் திட்டத்தில் சோறு, பருப்பு, கீரை, சில நாளில் முட்டை என்று தருகிறோம். அயலிலுள்ள தாய்மார்தான் சமைத்துக் கொண்டுவருகிறார்கள். பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் ஓர் ஆசிரியர் உண்டு பார்ப்பார். பெரும்பாலான நாட்களில் அந்த ஆள் நான்தான். உப்பு, உறைப்பு, கீரையில் மண், எல்லாம் பார்க்க வேண்டும்.

சமைப்பவர்களுக்குக் கொடுப்பனவு தாமதமாகும் மாதங்கள் உண்டு. அப்போது கடைக்காரரிடம் கடன் சொல்லிப் பருப்பு வாங்குவது அந்தத் தாய்மார்தான். சாப்பாடு குறைவு என்று வாயிலில் நின்று குறை சொல்பவர்கள் இதையும் மனத்தில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வாமை இருந்தால் சேர்க்கும்போதே எழுதித் தாருங்கள்.

"வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகளைக் கொண்டு கூட்டிப் பெருக்க வைக்கிறீர்களா?"

தங்கள் வகுப்பறையைப் பிள்ளைகள் ஒதுக்குவார்கள். கூரைப் பீலியும் வடிகானும் தண்ணீர்த் தொட்டியும் பெரியவர்களின் வேலை. டெங்கு நுளம்பின் முட்டை பறக்கும் நுளம்பாக மாற ஏறத்தாழ ஒரு கிழமை முதல் பத்து நாள் போதும். அதனால்தான் கிழமை தவறாமல், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும், வெள்ளிதோறும் சிரட்டை, யோகட் கோப்பை, பூச்சாடித் தட்டு எல்லாவற்றையும் பார்க்கிறோம். இந்த நுளம்பு பகலில் கடிக்கும். பகலில் பிள்ளைகள் இருப்பது எங்களிடம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும் நாளுக்காகச் செய்யும் வேலை இல்லை இது.

"தரம் 1க்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும்? யாரைப் பிடிக்க வேண்டும்?"

யாரையும் பிடிக்க வேண்டாம். அடுத்த ஜனவரி 31ஆம் திகதி உங்கள் பிள்ளைக்கு ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். கல்வி அமைச்சு ஆண்டின் நடுப்பகுதியில் சுற்றறிக்கையும் மாதிரி விண்ணப்பமும் வெளியிடும். நிரப்பிப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். பல ஆண்டுகளாக இருந்துவரும் பங்கீடு இது: அருகில் வசிப்போருக்கு 50 வீதம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25, ஏற்கெனவே படிப்பவரின் சகோதரருக்கு 15, கல்வித்துறை ஊழியரின் பிள்ளைகளுக்கு 5, இடமாற்றம் பெற்று வந்தவருக்கு 4, வெளிநாட்டிலிருந்து திரும்பியவருக்கு 1. அந்தந்த ஆண்டின் சுற்றறிக்கையே முடிவு. சென்ற ஆண்டுத் தாளைப் பார்த்து நிரப்பாதீர்கள்.

கொழும்பில் நம்மவர்கள் தடுமாறுவது வதிவிடச் சான்றில்தான். வாடகை வீடு, ஈராண்டுக்கொரு முறை மாற்றம், வாக்காளர் இடாப்பில் பெயர் இன்னும் யாழ்ப்பாணத்திலோ ஹட்டனிலோ. அருகில் வசிப்போர் பிரிவில் பின்னோக்கிப் பல ஆண்டு வாக்காளர் பதிவுக்குப் புள்ளி இருக்கிறது. பிள்ளை பிறந்தவுடனேயே கிராம உத்தியோகத்தரிடம் போய்ப் பெயரை இந்த முகவரிக்கு மாற்றுங்கள். நேர்முகத்துக்கு வந்து கண்ணீர் விடும் தாய்மாரில் பாதிப்பேருக்குக் குறைவது இந்த ஒரு தாள்தான். வீட்டுக்கும் விண்ணப்பிக்கும் பாடசாலைக்கும் இடையில் பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேறு அரசுப் பாடசாலை இருந்தால் அதற்குப் புள்ளி கழியும் என்பதையும் கவனியுங்கள்.

இன்னொன்று. பெயர்பெற்ற இரண்டு மூன்று பாடசாலைகளுக்கு மட்டும் விண்ணப்பித்து, கிடைக்காமல் மார்ச் மாதம்வரை பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். எங்களைப் போன்ற சிறிய பாடசாலைகளில் இடத்தைவிட விண்ணப்பம் குறைவாகவே வருகிறது. முதல் இரண்டு கிழமைகளில் தரம் 1 ஆசிரியை விளையாட்டோடு பிள்ளையை அறிந்துகொள்கிறார். அந்த நாட்களைத் தவறவிட்ட பிள்ளை, எல்லாரும் நண்பர்களான பிறகு புதிய முகமாக உள்ளே வருகிறது.

"பாடசாலைக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டி வாங்கித் தருகிறேன். பிள்ளையைச் சேர்க்க முடியுமா?"

முடியாது. அனுமதிக்குப் பதிலாகப் பணமோ பொருளோ வாங்குவது இலஞ்சம். யாராவது கேட்டால், அது நானாக இருந்தாலும், இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954க்கு அழையுங்கள். பிள்ளை சேர்ந்து ஓராண்டு ஆன பிறகும் கொடுக்க மனமிருந்தால், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் கொடுங்கள். பற்றுச்சீட்டு தருவோம். அப்படிக் கிடைத்த இரண்டு மின்விசிறிகள் தரம் 2இல் இன்றும் சுழல்கின்றன.

"புலமைப்பரிசிலுக்குத் தரம் 3இலிருந்தே மேலதிக வகுப்பு வையுங்கள் சேர், மிஸ் யாராவது"

வைக்க மாட்டோம். தரம் 5இல் இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. தேறுவதற்கு எடுக்க வேண்டிய வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் ஏற்ப மாறுகிறது. வசதி குறைந்த, திறமையான பிள்ளைக்கு நல்ல பாடசாலையும் உதவித்தொகையும் கிடைக்கச் செய்வதற்கான பரீட்சை அது. எட்டு வயதுப் பிள்ளையைச் சனி, ஞாயிறு வகுப்புக்கு வகுப்பு இழுத்துச் செல்வதற்கு அது காரணமாகக் கூடாது.

தரம் 5 பிள்ளைகளுக்கு நாங்கள் செய்வது இரண்டு. தினமும் இருபது நிமிடம் கதைப் புத்தகம் வாசிக்க வைக்கிறோம். கிழமைக்கு ஒரு முறை ஒரு பழைய வினாத்தாளின் பாதியைச் செய்ய வைத்து, பிழைவிட்ட வினாவைப் பிள்ளையே இன்னொரு பிள்ளைக்கு விளக்கச் சொல்கிறோம். என் அனுபவத்தில் இரண்டாவது வினாத்தாளில் பிள்ளைகள் தோற்பது அறிவுக் குறைவால் அல்ல. வினாவை முழுதாக வாசித்து முடிக்காததால். வெட்டுப்புள்ளி தாண்டாத பிள்ளையின் பெயர் எங்கள் பாடசாலைச் சுவரில் எங்கும் ஒட்டப்படுவதில்லை. தாண்டிய பிள்ளையின் பெரிய படமும் வாயிலில் தொங்காது.

"நாலு அடி போடுங்கள் மிஸ், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்"

நீங்கள் சொல்லாவிட்டாலும் நான் அனுமதிக்க மாட்டேன். பாடசாலையில் அடிப்பது 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையாலும், பின்னர் 2016இல் வந்ததாலும் தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஆசிரியர் கன்னத்தில் அறைந்ததால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட ஒரு மாணவனின் அடிப்படை உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. ஓர் அறை, ஒரு காது.

நானே இளம் ஆசிரியையாக இருந்தபோது அடிமட்டத்தால் அடித்திருக்கிறேன். ஒரு பையனின் உள்ளங்கையில். அவன் கையை நீட்டியபோது மற்றக் கையால் கண்ணை மூடிக்கொண்டான். இன்றும் அந்த மூடிய கண் என் முன்னால் நிற்கிறது. அதற்கு முந்திய நாள்வரை என்னிடம் ஓடிவந்து கணக்குக் காட்டிய பிள்ளை, அதன் பிறகு ஒருபோதும் தானாக வரவில்லை.

"வீட்டில் சிங்களம்தான் அதிகம் பேசுகிறது. தமிழ் மொழிமூலத்தில் போட்டால் பின்தங்காதா?"

கொழும்பில் பல பிள்ளைகளின் நிலை இது: அம்மம்மாவோடு தமிழ், பக்கத்து வீட்டில் சிங்களம், தொலைபேசியில் ஆங்கிலம். தரம் 1இல் முதல் தவணை தடுமாறும், இரண்டாம் தவணையில் பிடித்துவிடும். வீட்டில் யாராவது ஒருவர் தினமும் பத்து நிமிடம் தமிழில் கதை சொன்னால் போதும். சிங்களத்தை இரண்டாம் தேசிய மொழியாகவும், ஆங்கிலத்தை முதலில் வாய்மொழியாகவும் தரம் 3 முதல் பாடமாகவும் பிள்ளை எங்களிடமே கற்கிறது. எதையும் இழப்பதில்லை.

"சிங்களம் தெரியாமல் கொழும்பில் அதிபராக இருக்க முடியுமா?" (ஓர் இளம் ஆசிரியையின் கேள்வி)

இருக்கலாம், ஆனால் கிழமையில் ஒரு நாள் அதற்கே போய்விடும். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. நடைமுறையில், சிங்களத்தில் மட்டும் வரும் கடிதம் இன்னும் என் மேசைக்கு வருகிறது. அதில் பதில் அனுப்ப வேண்டிய கடைசி நாள் நாளையாக இருக்கும். நான் பதிலைத் தமிழில்தான் அனுப்புகிறேன். அது உரிமை. ஆனால் வந்ததை வாசிக்கச் சிங்களம் கற்றேன். அது என் பிள்ளைகளுக்கான தேவை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

"அதிபர் சேவைப் பரீட்சை எழுதட்டுமா மிஸ்?"

எழுதுங்கள். இலங்கை அதிபர் சேவையில் தரம் 3இல் நுழைந்து 2, 1 என உயரலாம். பரீட்சைக்குப் படிக்கும் ஆண்டில் ஒரு பயிற்சியும் செய்யுங்கள்: உங்கள் வகுப்பு அல்லாத இன்னொரு வகுப்பின் எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் அறிந்துகொள்ளுங்கள். முகாமைத்துவப் புத்தகம் பிறகும் வாசிக்கலாம்.

"நானும் அவரும் பிரிந்திருக்கிறோம். அவர் வந்து கேட்டால் பிள்ளையைக் கொடுத்துவிடுவீர்களா?"

பிள்ளையைச் சேர்க்கும்போது, யார் யார் அழைத்துப் போகலாம் என்று மூவரின் பெயரும் படமும் கொண்ட அட்டை ஒன்றை வாங்குகிறோம். பாடசாலை நேரத்தில், தாய் தந்தை தவிர, அந்த அட்டையில் இல்லாத எவரிடமும், அவர் என்ன உறவு சொன்னாலும், பிள்ளையை விடுவதில்லை. நீதிமன்ற உத்தரவு இருந்தால் பிரதி ஒன்றைத் தாருங்கள். அது அலுமாரியில் பூட்டி இருக்கும். உத்தரவு இல்லாதவரை தாய், தந்தை இருவரில் ஒருவரின் பக்கம் நின்று மற்றவரை நான் மறுக்க முடியாது. அப்படியான நாளில் பிள்ளையை என் அறையில் வரைய விட்டு, இருவரையும் தொலைபேசியில் அழைத்து, இருவரும் ஒத்துக்கொள்ளும்வரை காத்திருப்பேன். ஒருமுறை அது மாலை ஐந்து மணிவரை போனது. பிள்ளை ஏழு படம் வரைந்தது.

வாயிலில் வைத்துச் சண்டையிடாதீர்கள் என்பது மட்டும் என் கெஞ்சல். மறுநாள் காலை வகுப்பு முழுவதும் அதைத்தான் அந்தப் பிள்ளையிடம் கேட்கும்.

"ஆசிரியரைப் பற்றி முறைப்பாடு செய்தால் என் பிள்ளையைப் பழிவாங்க மாட்டார்களா?"

நியாயமான பயம். அதிபரான முதல் ஆண்டில் நான் இதில் தவறியிருக்கிறேன். முறையிட்ட தாயையும் ஆசிரியரையும் ஒரே அறையில் உட்கார வைத்தேன். பேசினால் தீரும் என்று நினைத்தேன். தாய் வாய் திறக்கவில்லை. அடுத்த தவணையில் விடுகைப் பத்திரம் கேட்டு வந்தார். அந்தப் பிள்ளையை நாங்கள் இழந்தோம்.

இப்போது தனியாகக் கேட்கிறேன். ஆசிரியரிடம் எந்தப் பெயரும் சொல்வதில்லை. முன்னறிவிப்பு இல்லாமல் அந்த வகுப்புக்கு மூன்று நான்கு நாள் வெவ்வேறு நேரத்தில் போய்ப் பின்வாங்கில் உட்காருவேன். மற்ற வகுப்புகளுக்கும் அப்படிப் போவதால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. பார்த்ததை வைத்தே ஆசிரியரிடம் பேசுவேன். கேட்டதை வைத்து அல்ல. முறைப்பாடு அடித்தல் அல்லது அதைவிடப் பாரதூரமானது என்றால் இந்த வழி கிடையாது. அதே நாளில் எழுத்தில் வாங்கி மேலே அனுப்புவேன். என்னிடம் சொல்லத் தயங்கினால், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 எப்போதும் இருக்கிறது.

"சனி, ஞாயிறு உங்களுக்குத் தொலைபேசி எடுக்கலாமா?"

பிள்ளைக்கு விபத்து, காய்ச்சல் கடுமை, வீட்டில் மரணம், பிள்ளை வீட்டுக்கு வந்து சேரவில்லை என்றால் எந்த நேரமும் எடுங்கள். வீட்டுப்பாடம் என்ன, திங்கட்கிழமை என்ன நிற ரிப்பன் என்பவற்றை வகுப்பாசிரியையின் அறிவித்தல் கொப்பியில் பாருங்கள். தரம் 1 அனுமதி பற்றி ஞாயிறு மாலை வரும் அழைப்புகளுக்கு நான் பதில் சொல்வதில்லை, மேலே எழுதியிருக்கிறேன்.

ஞாயிறு மாலை மழை பிடித்துக்கொண்டால் நானே சிலரை அழைப்பேன். அலுமாரியில் 26 அங்குலத்தில் இரண்டு சட்டையும் 28இல் மூன்றும் இப்போது இருக்கின்றன. சிறிய அளவுகள் தீர்ந்துவிட்டன. தரம் 1, 2 முடித்தவர்களிடம் இருந்தால் வாயிலில் என்னிடமே தரலாம்.